கோப்பு எழுதப்படாதபோது: டெக் அச்சுக்கோப்பில் நேரும் வெளியீட்டுப் பிழைகள்

ஒரு நூல் வாசகரின் கையை அடையும் முன் இரு நிலைகளைக் கடக்கின்றது. எழுதுவோர் உள்ளத்திலிருந்து ஏட்டிற்கு வருவது ஒரு நிலை; ஏட்டிலிருந்து அச்சுக்கு வருவது மற்றொரு நிலை. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு மனிதரின் பணிகளாய் இருந்தன. மூலப்படியில் பிழை இருப்பின் ஆசிரியர் திருத்தினார். எந்திரத்தில் மை வற்றினால் அச்சகத்தார் கவனித்தனர். மை வற்றியதற்காகச் செய்யுளைத் திருத்தியவர் எவரும் இலர்.

இன்று எழுதுவது, கோப்பது, மெய்ப்புப் பார்ப்பது, அச்சுப்படி எடுப்பது ஆகிய அனைத்தையும் ஆய்வு மாணவர் ஒருவரே தம் கணிப்பொறியில் செய்கின்றார். எனவே எப்பிழை எந்நிலைக்கு உரியது என்று பகுத்தறியும் கடமையும் அவருடையதே ஆயிற்று. ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது இப்பகுப்பறிவு இல்லையெனில், நல்ல இயலைச் சிதைப்பதும் பழைய படியைப் புதியதென ஒப்படைப்பதும் நேர்ந்துவிடும். ஆதலின் டெக், லேடெக் எனும் அச்சுக்கோப்பு மென்பொருள்களில் கோப்பு எழுதப்படாது நின்றுபோகும் பிழைகளின் காரணங்களையும் அவற்றை நீக்கும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

டெக்கின் தோற்றம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு குனுத், கணிப்பொறி நிரலாக்கக் கலை பற்றிப் பல தொகுதிகள் கொண்ட பெருநூலை எழுதி வருபவர். அதன் முதல் தொகுதி 1968இல் உலோக எழுத்துகளால் அழகுற அச்சாயிற்று. 1977இல் இரண்டாம் தொகுதியின் திருத்திய பதிப்பிற்கு ஒளியச்சு முறையில் வந்த மெய்ப்புகள் அவருக்கு மன நிறைவு தரவில்லை. நூலாசிரியரே தம் நூலைச் செம்மையாகக் கோப்பதற்கு ஒரு நிரலை ஆக்க முனைந்தார். அதுவே டெக். கலை, கைத்திறன் ஆகிய இரண்டையும் ஒருங்கே குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அமைந்த பெயர் இது.

1980களில் லெஸ்லி லாம்போர்ட் என்பார் டெக்கின் மேல் லேடெக் என்னும் எளிய அமைப்பைக் கட்டினார். ஹான் தே தான் என்னும் வியத்நாமிய அறிஞர் செக் நாட்டின் புர்னோ நகர மசாரிக் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது 1990களில் பி.டி.எஃப்.டெக்கை உருவாக்கினார். 2004இல் ஜோனத்தன் கியூ ஸீடெக்கை வெளியிட்டார். யூனிகோடு எழுத்துகளை நேரே ஏற்பதால் தமிழில் ஆய்வேடு கோப்போர்க்கு இஃது ஏற்ற கருவியாய் உள்ளது.

தம் நிரலில் புதிய பிழை காண்போர்க்குப் பரிசு தருவதாகக் குனுத் அறிவித்தார். அப்பரிசுத் தொகை ஆண்டுதோறும் இருமடங்காகிப் பின்னர் 327.68 டாலர் என நிலைபெற்றது. அத்துணைச் செம்மையுற்ற நிரல் ஒரு கோப்பினை எழுத இயலவில்லை என்று கூறுமாயின், காரணத்தை அதன் சூழலில் தேடுவதே முறையாகும்.

டெக் எழுதும் முறை

பிழையை அறியுமுன் இயல்பை அறிதல் வேண்டும். ஆசிரியர் எழுதுவது ஒரு மூலக்கோப்பு. அதனை டெக் படிக்கும்போது பல கோப்புகளை எழுதுகின்றது. பக்கங்கள் அடங்கிய பி.டி.எஃப். கோப்பு ஒன்று. நிகழ்ந்தவற்றையெல்லாம் வரிசையாகப் பதியும் பதிவேடு ஒன்று. இதன் பின்னொட்டு லாக். மேற்கோள், பக்க எண், இயல் எண் ஆகியவற்றை அடுத்த முறைக்கெனக் குறித்து வைக்கும் துணைக்கோப்பு ஒன்று. இதன் பின்னொட்டு ஆக்ஸ். இவற்றோடு பொருளடக்கம், படப்பட்டியல், சொல்லடைவு ஆகியவற்றிற்கும் தனித்தனிக் கோப்புகள் உண்டு.

இத்துணைக் கோப்புகள் ஏன்? ஒரு தலைப்பு எப்பக்கத்தில் விழும் என்பது அப்பக்கம் முழுமை பெற்று வெளியேறும் வரை டெக்கிற்குத் தெரியாது. ஆகவே பக்கம் முடிந்தபின் அவ்வெண்ணைத் துணைக்கோப்பில் எழுதிவைத்து, மறுமுறை இயக்கும்போது அதனைப் படித்துப் பொருளடக்கத்தை நிரப்புகின்றது. முதன்முறை இயக்கியதும் பொருளடக்கம் வெறுமையாய் இருப்பதும், மேற்கோளிடத்தில் வினாக்குறி தோன்றுவதும் இதனாலேயே. இவை பிழையல்ல, இரண்டு மூன்று முறை இயக்கினால் தாமே நீங்கும்.

எழுத இயலாமையின் காரணங்கள்

இக்கோப்புகளுள் ஒன்றனைத் திறக்க இயலாதபோது, 'ஐ காண்ட் ரைட் ஆன் ஃபைல்' என்று தொடங்கும் செய்தி திரையில் தோன்றும். 'இக்கோப்பில் என்னால் எழுத இயலவில்லை' என்பது அதன் பொருள். அதனை அடுத்துக் கோப்பின் பெயர் நிற்கும். பதற்றத்தில் பலரும் படியாது விடுவது அப்பெயரைத்தான். காரணத்தைக் காட்டுவதும் அதுவே.

முதலாவது, பெயரின் இறுதியில் பி.டி.எஃப். என்று இருப்பின், அக்கோப்பு வேறொரு சாளரத்தில் திறந்திருத்தல் கூடும். விண்டோஸ் கணிப்பொறியில் அடோபி ரீடர் போன்ற படிப்பான்கள் தாம் திறந்த கோப்பினைப் பூட்டி வைக்கின்றன. பூட்டிய பெட்டியில் புதிய ஏட்டை வைத்தல் எங்ஙனம்? படிப்பானை மூடிவிட்டு மீண்டும் இயக்கினால் போதும். டெக் லைவ் தொகுப்பைக் கட்டளைச் சாளரத்தில் இயக்குவோர், படிப்பானை மூடிய பின் என்டர் விசையை அழுத்தினாலே டெக் மறுபடி முயலும். கோப்பினைப் பூட்டாத சுமத்ரா போன்ற படிப்பானைப் பயன்படுத்துவது நிலையான தீர்வு.

இரண்டாவது, படிப்பான் மூடியிருந்தும் செய்தி மாறவில்லையெனில், முன்னர் இயக்கிய டெக் நிரலே முடிவுறாமல் பின்னணியில் நின்றுகொண்டு கோப்பினைப் பற்றியிருக்கலாம். எழுதுதிரையை மூடினாலும் சில வேளை அது மறைவில் இயங்கும். டாஸ்க் மேனேஜரில் அதனைக் கண்டு முடித்துவிட வேண்டும். இணையச் சேமிப்பகத்தோடு தானே இணங்கும் கோப்புறைகளிலும் இத்தகைய பூட்டு சிறிது நேரம் விழுவதுண்டு.

மூன்றாவது, எழுதும் உரிமை இன்மை. கணிப்பொறிக் கூடத்தில் நிருவாகியின் பெயரால் ஒருமுறை இயக்கிய ஆய்வேட்டின் துணைக்கோப்புகள் நிருவாகிக்கே உரியனவாய் இருக்கும். பின்னர் மாணவர் தம் பெயரால் இயக்கும்போது அவற்றின்மேல் எழுத இசைவு கிடையாது. பிறர் அனுப்பிய சுருக்கக் கோப்பினைப் பிரிக்காமலே திறந்து இயக்குதல், படிக்க மட்டும் இசைவுள்ள இடத்திலிருந்து இயக்குதல் ஆகியனவும் இவ்வகையின. மூலக்கோப்புகளைத் தமக்குரிய கோப்புறைக்குப் படியெடுத்துக் கொண்டு அங்கு இயக்குதலே தக்கது.

நான்காவது, கோப்புறை இன்மை. பெரிய ஆய்வேட்டினை இயல்வாரியாகப் பிரித்து, இயல்கள் என்னும் உட்கோப்புறையில் வைத்து, 'இன்க்ளூட்' என்னும் கட்டளையால் இணைப்பது வழக்கம். அவ்வாறு இணைக்கும் ஒவ்வோர் இயலுக்கும் டெக் ஒரு துணைக்கோப்பினை அதே பெயரில், அதே உட்கோப்புறை அமைப்பில் எழுதும். வெளியீடுகள் யாவும் வேறொரு கோப்புறையில் சேர வேண்டும் என்று நாம் ஆணையிட்டால், அங்கும் இயல்கள் என்னும் உட்கோப்புறை இருத்தல் வேண்டும். டெக் லைவ் தொகுப்பில் டெக் தானாகக் கோப்புறை படைப்பதில்லை. செய்தியில் காணும் கோப்பின் பெயர் ஆக்ஸ் என்று முடிந்து, முன்னே சாய்கோடும் கோப்புறைப் பெயரும் வந்தால் இக்காரணத்தை ஐயுறலாம். வெறுங்கோப்புறை ஒன்றைப் படைத்துவிட்டால் பிழை அகலும்.

ஐந்தாவது, டெக் தானே விதித்துக்கொண்ட காப்பு. டெக் ஆவணம் ஒரு நிரலாகவும் இருப்பதால், முன்பின் அறியாதார் அனுப்பிய ஆவணம் நம் கணிப்பொறியின் பிற கோப்புகளை அழித்துவிடக் கூடும். அதனைத் தடுக்க, தான் இயங்கும் கோப்புறைக்கு மேலுள்ள கோப்புறைகளில் எழுத டெக் லைவ் இயல்பாகவே மறுக்கின்றது. 'ஓப்பன் அவுட் எனி' என்ற சொற்றொடரும் பி என்னும் எழுத்தும் செய்தியில் தோன்றினால் இதுவே காரணம். காப்பினைத் தளர்த்துவதினும், இயல்களை மூலக்கோப்பு உள்ள கோப்புறைக்குள் கொண்டுவருவதே அறிவுடைமை.

இவற்றோடு, வன்தட்டு நிறைந்து இடமின்றிப் போதலையும் மறத்தலாகாது. கூடங்களில் ஒவ்வொரு மாணவர்க்கும் அளவிட்டு வழங்கிய இடம் தீர்ந்துவிடுவது இயல்பே.

பதினாறு வாயில்கள்

கோப்பு பற்றிய மற்றொரு பிழைச்செய்தி, புதிதாக எழுதுவதற்கு இடமில்லை என்பது. இது வன்தட்டின் இடத்தைக் குறிப்பதன்று. டெக் ஒரே வேளையில் கோப்புகளில் எழுதுவதற்கு 0 முதல் 15 வரை 16 வாயில்களே கொண்டது. துணைக்கோப்பு, பொருளடக்கம், படப்பட்டியல், அட்டவணைப் பட்டியல், சொல்லடைவு, கலைச்சொற் பட்டியல் என ஒவ்வொன்றும் ஒரு வாயிலை எடுத்துக்கொள்ளும். ஆய்வேட்டில் பல சொல்லடைவுகளும் துணைத்தொகுப்புகளும் சேரும்போது 16 வாயில்களும் நிரம்பிவிடும். தேவையற்ற துணைத்தொகுப்புகளை நீக்குதல் முதல் வழி. மோர்ரைட்ஸ் என்னும் துணைத்தொகுப்பினைச் சேர்த்தல் இரண்டாம் வழி. வாயில்கள் மிகுதியாக உள்ள லுவாடெக்கிற்கு மாறுதல் மூன்றாம் வழி.

சிதைந்த துணைக்கோப்பு

மின்சாரம் நின்றோ, இடையில் நிறுத்தப்பட்டோ டெக் பாதியில் முடிந்தால், துணைக்கோப்பு அரைகுறையாய் நின்றுவிடும். மறுமுறை இயக்கும்போது டெக் அதனைப் படித்து, கோப்பு இடையில் முடிந்தது என்று முறையிடும். மாணவரோ தம் மூலக்கோப்பில் அடைப்புக்குறி விடுபட்டதென எண்ணி, நன்றாக இருக்கும் இயலைப் பிரித்துப் பிரித்துத் தேடுவார். நேற்று வரை பிழையின்றி இயங்கிய இயலில், இன்று எதுவும் மாற்றாதிருக்கப் பிழை தோன்றுமாயின், குற்றம் துணைக்கோப்பில் இருத்தலே பெரும்பான்மை.

தீர்வு எளிது. ஆக்ஸ், டாக் முதலிய பின்னொட்டுடைய துணைக்கோப்புகளை அழித்துவிட்டு மீண்டும் இருமுறை இயக்குக. அவை டெக் தானே எழுதியவை. தானே மறுபடி எழுதும். ஆயினும் டெக் என முடியும் மூலக்கோப்பினையும், பிப் என முடியும் துணைநூற் கோப்பினையும் தொடுதல் கூடாது. அவை மனிதர் எழுதியவை. அழிந்தால் எந்திரம் மீட்டுத் தராது.

பழைய படி என்னும் இடர்

இதுவரை கூறிய பிழைகள் வேலையைத் தாமதப்படுத்துவன. இனிக் கூறுவது அதனினும் கொடியது. பி.டி.எஃப். கோப்பு பூட்டியிருந்து எழுத இயலாது போனால், பழைய பி.டி.எஃப். அதே பெயரில், அதே இடத்தில், அழியாமல் இருக்கும். எழுதுதிரைகள் பலவும் டெக்கை இடைநில்லாமல் இயக்குவதால், பிழைச்செய்தி ஒரு மூலையில் ஓடி மறையும். மாணவர் கோப்பினைத் திறக்கின்றார், ஆய்வேடு தெரிகின்றது. நெறியாளர் சொன்ன திருத்தங்கள் அதில் இல்லை என்பது தெரிவதில்லை. அப்படியே அச்சிட்டுக் கட்டி ஒப்படைத்துவிட்டால், திருத்திய உழைப்பு வீணாவதோடு, நெறியாளர் சொல்லை மதியாதவர் என்ற பழியும் அவர்மேல் விழும்.

இதிலிருந்து காக்கும் சான்று பதிவேட்டின் இறுதியில் உள்ளது. பணி முறையாக முடிந்தால், இன்ன கோப்பில் வெளியீடு எழுதப்பட்டது, இத்தனை பக்கங்கள், இத்தனை பைட்டுகள் என்ற வரியை பி.டி.எஃப்.டெக் அங்கே எழுதும். அவ்வரி இல்லையெனில் புதிய படி உருவாகவில்லை என்று கொள்க. ஸீடெக் பயன்படுத்துவோர் மேலும் விழிப்பாய் இருத்தல் நன்று. அதில் பி.டி.எஃப். எழுதும் பணியை வேறொரு துணை நிரல் செய்கின்றது. அது தோற்றால், கோப்பு செல்லத்தக்கதாய் இராது என்னும் எச்சரிக்கை பதிவேட்டில் நிற்கும். இவ்வரிகளோடு, கோப்பு எழுதப்பட்ட நாளும் நேரமும், இறுதியாகச் செய்த திருத்தம் ஒன்று அதில் இருப்பதும் ஆகிய இரண்டையும் கண்ணால் கண்ட பின்னரே அச்சுக்கு அனுப்புதல் வேண்டும்.

முடிவுரை

வெளியீட்டுப் பிழை தோன்றியதும் மூலக்கோப்பில் கைவைத்தல் ஆகாது. செய்தியில் உள்ள கோப்பின் பெயரைப் படித்தல், அதன் பின்னொட்டை நோக்குதல், அது திறந்திருக்கிறதா, எழுத உரிமை உண்டா, கோப்புறை உண்டா, இடம் உண்டா என முறையே வினாவுதல், தேவையாயின் துணைக்கோப்புகளை அழித்தல், பதிவேட்டின் இறுதி வரியைச் சரிபார்த்தல் ஆகிய இவ்வொழுங்கு ஏறத்தாழ எல்லா இடர்களையும் தீர்க்கும்.

மாணவர்க்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயின் ஓராண்டு உழைப்பின் பயன் ஒரு கோப்பின் வழியே தேர்வாளரை அடைகின்றது. சுவடியைப் படியெடுத்தோர் படியினை மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே பிறர் கையில் தந்தனர். கருவி மாறினும் அக்கடமை மாறவில்லை. ஒப்படைக்கும் படி தாம் எழுதிய படிதானா என்று உறுதி செய்துகொள்ளல் ஆய்வு நேர்மையின் ஒரு கூறு என்பதை மாணவர் நெஞ்சிற் கொள்வாராக.