சக்தி மென்கருச் செயலியும் கியூஇமு மெய்நிகர் இயந்திரமும்

சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் தொடங்கிய ‘சக்தி’ திட்டம், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த ஆணைத்தொகுதியைப் பின்பற்றும் செயலிகளை வடிவமைத்து வருகிறது. அவற்றுள் சி-வகைச் செயலி, ஆணைகளை ஐந்து படிநிலைகளில் வரிசைமுறையே நிறைவேற்றுவது. இது மென்கருவாகவும் அமையும். அதாவது, இதன் வடிவமைப்பை எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் ஏற்றினால் அச்சில்லே செயலியாகிவிடும். அதற்கு ஆர்ட்டி ஏ7 போன்ற பலகை வேண்டும். வேம்பார் முதலிய கடலோர ஊர்களிலிருந்து பயிலவரும் மாணவர் எல்லார்க்கும் அது எளிதில் வாய்ப்பதன்று.

2021இல் கியூஇமு என்னும் திறமூல மென்பொருளில் ‘சக்தி சி’ இயந்திரம் சேர்க்கப்பட்டமையால் மடிக்கணினி ஒன்றே போதுமானதாயிற்று. கியூஇமு, சக்திக்குரிய ஆணைகளைப் பகுதிபகுதியாக மடிக்கணினிச் செயலியின் ஆணைகளாக மாற்றிச் சேமித்து, மீண்டும் தேவைப்படும்போது அவற்றையே பயன்படுத்துகிறது. வன்பொருள் உறுப்புகளை இயக்கும் முறை வேறு. நிரலானது யுஏஆர்டி தொடர்முனைக்குரிய முகவரியில் ஓர் எழுத்தை எழுதினால், அங்கே மின்சுற்று ஏதும் இல்லை. சி மொழிச் செயற்கூறு ஒன்று இயங்கி அவ்வெழுத்தைத் திரையில் காட்டுகிறது.

இவ்வியந்திரத்தில் ஒரு கரு, குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திகள் இரண்டு, ஒரு யுஏஆர்டி ஆகியவையே உள்ளன. ஆகவே ஜிபிஐஓ முனைகளை நாடும் நிரல், பலகையில் இயங்கினும் இங்கு இயங்காது. ஆய்வேடுகள் இடறக்கூடிய இடம் வேறொன்று. ஐந்து படிநிலைகள், பதுக்ககம், கிளைக் கணிப்பு ஆகியவற்றைக் கியூஇமு பாவிப்பதில்லை. எனவே அது தரும் நேர அளவு மடிக்கணினியின் வேகத்தைச் சார்ந்ததேயன்றிச் சக்தியின் வேகமாகாது. நிரலின் விடை சரியா என்பதற்குக் கியூஇமு சான்றாகலாம்; சுழற்சி எண்ணிக்கையைப் பலகையில் அளந்தோ, வன்பொருள் வடிவமைப்பையே வெரிலேட்டரில் இயக்கியோ பெறுதல் வேண்டும்.