பேனும் ஈரும்



பேன் என்னும் சொல்லைக் கேட்டவுடன் சிலர் முகத்தைச் சுளிப்பர். சிலர் பக்கத்தில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து நகைப்பர். வேறு சிலரோ, யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சித் தலையைச் சொறியாமல் அடக்கிக்கொள்வர். மலேரியாவைப் பற்றியும் காசநோயைப் பற்றியும் பலர் கூடிய அவையில் தயங்காமல் பேசும் நாம், நம் தலையில் வாழும் இச்சிறு பூச்சியைப் பற்றி மட்டும் வாய்திறக்க நாணுகிறோம். நாம் வாய்திறவாமல் இருப்பது பேனுக்கு நல்லது, நமக்கு நல்லதன்று. ஆதலின் இன்று அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே எண்ணிப் பார்ப்போம்.

பேன் நம் ஊருக்கோ நம் காலத்துக்கோ மட்டும் உரியதன்று. எகிப்து நாட்டில் பதப்படுத்தி வைக்கப்பட்ட பழைய உடல்களின் தலைமயிரிலும் பேனும் ஈரும் காணப்பட்டுள்ளன. இஸ்ரேல் நாட்டில், லாகிஷ் என்னும் பண்டை நகரம் இருந்த மேட்டை அகழ்ந்தபோது, 2016-ஆம் ஆண்டில் யானைத் தந்தத்தாலான சிறு சீப்பு ஒன்று கிடைத்தது. அதன் ஒரு பக்கத்தில் சிக்கெடுப்பதற்கான பருத்த பற்கள். மறுபக்கத்தில் நெருக்கமான நுண்பற்கள். சில ஆண்டுகள் கழித்து அதனை உற்று நோக்கியவர்கள், அதன்மேல் 17 சிறிய எழுத்துகள் கீறப்பட்டிருப்பதைக் கண்டனர். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இத்தந்தம் ஒழிக்கவேண்டும் என்பதே அவ்வெழுத்துகளின் பொருள் என 2022-ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். அச்சீப்பு ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. தந்தத்தில் சீப்புச் செய்து தலைவாரியவர் வறியவராக இருந்திருக்க இயலாது. எனவே, பேன் ஏழையின் குடிசையை மட்டுமே தேடிச் செல்லும் என்று எண்ணுவோர்க்கு அச்சீப்பே தக்க விடை கூறிவிடுகிறது.

இனி, பேனின் இயல்பை நோக்குவோம். வளர்ந்த பேன் ஓர் எள்ளின் அளவே இருக்கும். அதன் நீளம் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர். அதற்கு ஆறு கால்கள் உண்டு, இறகுகள் இல்லை. ஆகவே பறக்க இயலாது. தாவுவதற்கு ஏற்ற கால்களும் இல்லை. ஆகவே குதிக்கவும் இயலாது. ஒவ்வொரு காலின் நுனியிலும் கொக்கி போன்ற நகம் ஒன்று உண்டு. மயிரிழையின் பருமனுக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் அது அமைந்திருத்தலால், பேன் மயிரைப் பற்றிக்கொண்டு விரைந்து ஊர்கிறது. அதன் உணவு மனித இரத்தம் ஒன்றே. நாளொன்றுக்குப் பன்முறை அதனைக் குடிக்கிறது. தலையை விட்டுக் கீழே விழுந்த பேன், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் மடிந்துபோகும். நாய், பூனை, ஆடு, மாடு ஆகியவற்றிடமிருந்து இது நமக்கு வருவதுமில்லை. நம்மிடமிருந்து அவற்றுக்குச் செல்வதுமில்லை.

பேனின் முட்டையையே ஈர் என்கிறோம். தாய்ப்பேன் அதனைத் தலைத்தோலை ஒட்டி, மயிரின் அடியில், பசை போன்ற ஒரு பொருளால் ஒட்டி வைக்கிறது. தலையின் வெதுவெதுப்பு இருந்தால்தான் முட்டை பொரியும். பொடுகு விரலால் தட்டினால் உதிரும், ஈர் உதிராது. இவ்வாறு இரண்டையும் எளிதில் வேறுபடுத்தி அறியலாம். மயிர் திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வது. ஆகவே தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் காணப்படும் ஈர், பெரும்பாலும் குஞ்சு வெளியேறிய வெறுங்கூடே ஆகும். ஊர்கின்ற பேனைக் கண்ணால் கண்டாலன்றி, ஈர் மட்டும் இருப்பதைக் கொண்டு தலையில் பேன் உண்டு என்று முடிவு கட்டுதல் கூடாது.

முட்டை ஏழு முதல் ஒன்பது நாட்களில் பொரிகிறது. வெளிவந்த குஞ்சு மும்முறை தோலுரித்து, மேலும் ஏறத்தாழ ஒன்பது முதல் பன்னிரண்டு நாட்களில் முட்டையிடும் பருவம் அடைகிறது. வளர்ந்த பெண்பேன் தலையில் ஒரு திங்கள் வரை வாழக்கூடும். நாள்தோறும் எட்டு முட்டைகள் வரை இடவும் கூடும். இங்கே ஒரு சிறு கணக்குப் போடுங்கள். நாளொன்றுக்கு ஆறு முட்டை வீதம் இருபது நாட்கள் இட்டால் எத்தனை? நூற்றிருபது. தொடக்கத்திலேயே ஒரு பேனை எடுத்துவிட்டவர் நூற்றிருபது ஈர்களைத் தடுத்தவர் ஆகிறார். நம் பாட்டிமார் திண்ணையில் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து பேன் பார்த்தது வீண்பொழுது போக்குவதற்காக அன்று. அது காலமறிந்து செய்த காப்பு வேலையே ஆகும்.

நமைச்சல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருத்தலும் தவறு. பேன் கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் செல்கிறது. அவ்வுமிழ்நீரை உடல் ஒவ்வாமையால் எதிர்ப்பதே நமைச்சல். முதன்முறையாகப் பேன் பற்றியவர்க்கு இந்நமைச்சல் தோன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் பேன் குடும்பம் பெருகிவிடும்; அண்டையிலிருப்போர்க்கும் பரவிவிடும்.

எவ்வாறு பரவுகிறது? தலையோடு தலை நெருங்கும்போது ஒரு மயிரிலிருந்து மற்றொரு மயிருக்கு ஊர்ந்து செல்வதே முதன்மையான வழி. ஒரே புத்தகத்தின்மேல் இருவர் குனிந்து படிக்கும்போதும், ஒரே பாயில் உடன்பிறந்தோர் நெருங்கி உறங்கும்போதும் இது நிகழ்கிறது. சீப்பு, நாடா, துண்டு, தொப்பி ஆகியவற்றாலும் பரவலாம்; எனினும் அது குறைவே. இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பேன் அழுக்கிலிருந்து பிறப்பதன்று. பேனிலிருந்தே பேன் பிறக்கிறது. நாள்தோறும் தலைமுழுகுபவர் தலையிலும் அது வாழும். நீரில் மூழ்கினாலும் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு பல மணி நேரம் உயிர் தாங்கும் ஆற்றல் அதற்கு உண்டு. எனவே சீயக்காயோ ஷாம்புவோ இட்டுக் குளித்தல் தூய்மைக்கு உதவுமேயன்றிப் பேனை ஒழிக்காது.

பேனைக் கண்டு மக்கள் அஞ்சுவதற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. பிரெஞ்சு மருத்துவராகிய சார்ல் நிக்கோல், ஆப்பிரிக்காவின் வடகரையில் உள்ள துனிஸ் நகரில் பணியாற்றியபோது, டைஃபஸ் என்னும் கொடிய காய்ச்சலை ஆராய்ந்தார். மருத்துவமனைக்கு வரும் வழியிலும் வாயிலிலும் பிறருக்குத் தொற்றிய அந்நோய், நோயாளியைக் குளிப்பாட்டி அவருடைய ஆடையைக் களைந்த பின் யாருக்கும் தொற்றாததை அவர் கவனித்தார். ஆடையில் வாழும் பேனே நோயைப் பரப்புகிறது என்று 1909-ஆம் ஆண்டில் நிறுவினார். 1928-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். ஆனால் அவர் கண்டது தலைப்பேன் அன்று. ஆடையின் தையல் மடிப்புகளில் வாழும் சீலைப்பேன். தலைப்பேன் தொல்லை தருவது உண்மை, உறக்கத்தைக் கெடுக்கும், சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ்வைக்கவும் கூடும். ஆயினும் அது நோயைப் பரப்புவதாகக் கொள்ளப்படுவதில்லை. சீலைப்பேனின் குற்றத்துக்குத் தலைப்பேன் உள்ள குழந்தையைத் தண்டித்தல் முறையாகாது.

இனி நீக்கும் வழிகளைக் காண்போம். முதலாவது, பேன் சீப்பு. ஈர்கோலி என்று நம் முன்னோர் வழங்கிய கருவியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தலைமயிரை நனைத்து, எண்ணெயோ ஷாம்புவுக்குப் பின் இடும் கண்டிஷனரோ தடவிச் சிக்கெடுத்த பின், சிறு சிறு பகுதியாகப் பிரித்து, தலைத்தோலிலிருந்து நுனி வரை நுண்பல் சீப்பால் வாரவேண்டும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கவேண்டும். ஒரு நாள் வாரிவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என நான்கு முறை வாரி, பதினேழாம் நாள் மீண்டும் சோதித்தல் வேண்டும். இந்த நாட்களின் காரணம் முன்பு கூறிய கணக்கிலேயே அடங்கியுள்ளது. சீப்புக்குத் தப்பிய ஈர்கள் இடையில் பொரியும்; அக்குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்குள் அடுத்த முறை வாரி எடுத்துவிடுகிறோம். அதனால் சங்கிலி அறுந்துபோகிறது.

இரண்டாவது, மருந்து. நூற்றுக்கு ஒரு பங்கு பெர்மெத்ரின் கலந்த நீர்மத்தைத் தலையில் தடவிப் பத்து நிமிடங்கள் கழித்துக் கழுவுவது பல நாடுகளில் வழக்கம். அது ஊரும் பேனைக் கொல்லும்; முட்டைகள் சில பிழைக்கும். ஆதலின் ஒன்பதாம் நாள் அளவில் மறுமுறை இடுகின்றனர். பலர் முதல் முறையோடு நிறுத்திவிட்டு, மருந்து பயன்படவில்லை என்று குறைகூறுகின்றனர். எனினும், பெர்மெத்ரினை எதிர்த்து நிற்கும் பேன்கள் உலகின் பல பகுதிகளில் தோன்றியிருப்பதும் உண்மையே. அத்தகைய இடங்களில், பேனின் மேனியைப் பூசி மூடி அதனைச் செயலிழக்கச் செய்யும் டைமெதிகோன் என்னும் நீர்மமும், ஐவர்மெக்டின் என்னும் மருந்தும் உதவுகின்றன. எதை, எவ்வளவு, எந்த வயதில் கொடுப்பது என்பதை மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டே செய்தல் வேண்டும். வீட்டில் உள்ள அனைவர் தலையையும் சோதித்து, பேன் உள்ளோர் எல்லாரும் ஒரே நாளில் மருந்திடுதல் இன்றியமையாதது. தலையணை உறை, துண்டு ஆகியவற்றை வெந்நீரில் துவைத்தால் போதும். வீடெங்கும் பூச்சிமருந்து தெளிக்க வேண்டுவதில்லை.

செய்யத்தகாதனவும் சில உண்டு. மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றுதல் பெருந்தீங்கு. அது தோலைப் புண்ணாக்கும். அருகில் அடுப்போ விளக்கோ இருப்பின் உயிருக்கே கேடு. வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து தோல்வழியாகவே உடலில் ஏறி நஞ்சாகும். சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்ப்பது நம் நாட்டு வழக்கம். அவ்விதையின் துகள் கண்ணில் பட்டால் கருவிழி புண்பட்டுக் கடும் வலியும் பார்வை மங்குதலும் உண்டாகும் என்று கண் மருத்துவர்கள் எச்சரித்துள்ளனர். சிறுமியின் கூந்தலை அவள் அழ அழ மழித்துவிடுவதும் வேண்டாத கொடுமை. சீப்பும் பொறுமையும் செய்யும் வேலைக்குக் கத்தி எதற்கு?

பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். நான் பணியாற்றிய காலத்தில், ஒரு பள்ளியில், பேன் இருந்த சிறுமி ஒருத்தியை மூலையில் தனியே அமர்த்தியிருந்ததைக் கண்டேன். இரண்டு நாள் அமர்ந்தாள். மூன்றாம் நாள் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரியை ஒருவர் அவள் வீடு தேடிச் சென்று, தாயிடம் தனிமையில் பேசி, சீப்பு ஒன்றும் கொடுத்துவிட்டு வந்த பின்னரே அவள் திரும்பினாள். அவ்வகுப்பில் அவளையல்லாமல் மேலும் பலர் தலையில் பேன் இருந்தது பின்னர்த் தெரியவந்தது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று நம்மவர் சொல்வதுண்டு. ஒரு பேனுக்காக ஒரு குழந்தையின் கல்வியை நிறுத்துதல் அதனினும் மிகை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், பேன் அல்லது ஈர் காரணமாக எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து விலக்குதல் கூடாது என்ற கருத்தையே வலியுறுத்தியுள்ளது. பேன் கண்டறியப்படும்போது அது பல நாட்களாகவே தலையில் இருந்திருக்கும். அன்று வீட்டுக்கு அனுப்பிவிடுவதால் யாருக்கும் நன்மையில்லை. மாலையில் வீடு சென்று, அன்றே மருத்துவம் தொடங்கி, மறுநாள் வகுப்புக்கு வருவதே நேரிய வழி.

மாணவ மாணவியரே, நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. வாரம் ஒருமுறை தலையைச் சோதித்துக்கொள்ளுங்கள். நீண்ட கூந்தலைப் பின்னி முடியுங்கள். உங்கள் சீப்பையும் நாடாவையும் உங்களுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் பயிலும் இளைஞர்கள், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சிற்றூர் செல்லும்போது, பேன் சீப்பைப் பயன்படுத்தும் முறையையும் அந்த ஐந்து நாட்களின் கணக்கையும் தாய்மாருக்கு விளக்குங்கள். தோழி ஒருத்தியின் தலையில் பேனைக் கண்டால், பிறர் காதில் விழாமல் அவளிடமே சொல்லுங்கள், விலகி அமராதீர்கள். அவள் தலையிலிருந்து பேனை எடுக்க இரண்டு வாரங்கள் போதும். அவள் மனத்தில் பதிந்த அவமானத்தை எடுக்க அத்தகைய சீப்பு எதுவும் இல்லை.