அக்கரைப் பணியும் அனுமதியும்

கடல் கடந்து பொருளீட்டல் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. ஆயினும் பயண உரிமை வேறு, பணி உரிமை வேறு என்பதை நம்மவருள் பலர் உணர்வதில்லை. சுற்றுலா விசா ஊரைக் காட்டும்; உழைத்து ஊதியம் பெறும் உரிமையைத் தாராது.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாது 'ஈ.சி.ஆர்.' கடவுச்சீட்டு வைத்திருப்போர், சவூதி அரேபியா, குவைத்து முதலிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெறல் வேண்டும். 'இ-மைகிரேட்' இணையத்தளம் வழியே ஊதியமும் பணியும் குறித்த ஒப்பந்தம் பதிவாகும். விபத்தில் உயிரிழப்பு நேரின் 10 இலட்சம் ரூபாய் வழங்கும் காப்பீடும் உடன் சேரும். "சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்னும் தரகரின் சொல்லை நம்பிச் செல்வோர் இவ்விரண்டையும் இழக்கின்றனர்.

எம் மாணவர் ஒருவரின் தமையனாருக்கு வாக்களிக்கப்பட்டது ஓட்டுநர் வேலை. விசாவில் அரபியில் எழுதப்பட்டிருந்ததோ ஆடு மேய்க்கும் வேலை. சென்று சேர்ந்த பின்னரே அவர் அறிந்தார்.

அந்த ஒரு வரியைப் புறப்படுமுன் படித்துச் சொல்ல ஒருவர் இருந்திருப்பின் அவர் தப்பியிருப்பார். நம் கல்லூரியில் அரபி பயில்வோர் பலர். ஊர்தோறும் அவ்வுதவியைச் செய்வோமாயின், கற்ற கல்விக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.