வரப்பும் மடையும்

விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த மரக்காணத்துக் கடற்கரையில் உப்பளங்களைக் கண்டவர்கள் வரப்பின் மகிமையை நன்கு அறிவார்கள். பரந்து கிடக்கும் உவர்நீர் வரப்புக்குள் ஆழமின்றி நின்று வெயிலில் வற்றும்போது, முதலில் சுண்ணமும் ஜிப்ஸமும் படிகின்றன. அந்நீரை அடுத்த பாத்திக்குப் பாய்ச்சினால் அங்கே உப்பு விளைகின்றது. எஞ்சி நிற்கும் மக்னீசியக் கசப்பு நீரை உரிய வேளையில் வெளியேற்றாவிடின் உப்பும் கசந்துபோம். எதை உள்ளே விடுவது, எவ்வளவு நாள் தேக்குவது, எதை வெளியே விடுவது என்னும் மூன்றையும் அறிந்தவனே நல்லுப்பு விளைப்பவன்.

நூலியற்றுவோனது வாழ்க்கையும் இத்தன்மையதே. "அவகாசம் கிடைத்தால் எழுதுவேன்" என்று கூறாத அன்பர் நம் நாட்டில் மிகச் சிலரே. அவகாசம் தானே வந்து வாயிலில் நிற்பதில்லை. வரப்புக் கட்டித்தான் அதனைத் தேக்கவேண்டும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. எயில் என்றால் மதில். அப்பாட்டு அடங்கிய பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889-ஆம் ஆண்டில் அச்சிட்டு உதவியவர் உ. வே. சாமிநாதையர். அவர் வேறு வேலையின்றி ஓய்ந்திருந்த கனவானல்லர். 1880 முதல் 1903 வரையில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். பகலில் வகுப்பு, வகுப்பு ஒழிந்த வேளையில் ஏடுகளை ஒப்புநோக்கல், விடுமுறையில் ஏடு தேடி ஊரூராய் அலைதல், சென்னையில் அச்சுவேலையைக் கவனித்தல். இந்த வரம்புக்குள்ளேதான் 1887-இல் சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை ஆகியவை வெளிவந்தன. எண்பத்தைந்தாம் வயதை எட்டும் தறுவாயில், 1940-இல், ஆனந்த விகடனில் வாரந்தோறும் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கி, 1942-இல் காலமாகும் வரை அப்பணியில் ஈடுபட்டிருந்தார். முதுமையிலும் வாரத் தவணையென்னும் வரப்பை அவர் வெறுக்கவில்லை.

ஆனால் மடையில்லாத வரப்பாலும் பயனில்லை. உலகத்தை முற்றிலும் அடைத்துவிட்டு எழுதுபவன் பாத்தி வறண்டுபோம். வம்புப் பேச்சும் வீண் வழக்கும் கசப்பு நீர். அவற்றை வெளியே விடுக. நாட்டின் துயரமும் நண்பர் நல்லுரையும் உள்ளே பாயவேண்டிய நீர், அவற்றைத் தடுக்கலாகாது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. ஐயரவர்களுக்கு மாதச் சம்பளமும் விடுமுறையும் இருந்தன. மரக்காணத்து உப்பளத் தொழிலாளிக்கோ, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். ஆசிரியருக்கு விடுமுறையாவது இவருக்குப் பட்டினியாகின்றது. அவர் உள்ளத்தில் ஒரு பாட்டு இருந்தால் அதனை எப்பொழுது எழுதுவார்? அவர் மனைவியின் உள்ளத்தில் ஒரு கதை இருந்தால், அடுப்புக்கும் அளத்துக்கும் நடுவே அதற்கு எந்த நாழிகையை ஒதுக்குவார்? நியமத்தை உபதேசிப்பது எளிது. நியமத்துக்கு வேண்டிய ஓய்வைப் பங்கிட்டுக் கொடுப்பதே தேசத்தின் கடமை. மழைமாதங்களிலும் அடுப்பெரியச் செய்யும் கூலியும் உதவியும் கிட்டினாலன்றி, அவர்களுக்கு ஓய்வு என்பது வெறும் சொல்லேயாகும்.

ஆதலின் நேயர்களுக்கு நாம் கூறுவது இரண்டு. நாள்தோறும் ஒரு நாழிகையை உமக்கென வகுத்து, அதனை யாருக்கும் விட்டுக்கொடாதிருங்கள். அவ்வாறே, உம் வீட்டிலும் உம்மிடம் வேலைசெய்வோரிடத்திலும் பிறர் நாழிகையை நீர் கவர்ந்துகொள்ளாதிருங்கள். தன் வரப்பைக் காப்பவன் அயலான் வரப்பை வெட்டலாகாது.