25 வருஷம் வயிற்றுக்குள் கிடந்தும் எழுதிய பேனா... விழுங்கக்கூடாததை விழுங்கினால் உள்ளே என்ன நடக்கும்?

இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் 76 வயதுப் பாட்டி ஒருவர், உடல் எடை குறைகிறது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று மருத்துவமனைக்கு வந்தார். சி.டி. ஸ்கேனில் அவருடைய இரைப்பைக்குள் நீளமாக ஒரு பொருள் தெரிந்தது. விசாரித்தபோது பாட்டி ஒரு பழைய கதையைச் சொன்னார். 25 வருஷங்களுக்கு முன், தொண்டைக்குள் ஏதோ புள்ளி இருக்கிறதே என்று கண்ணாடி முன் நின்று, ஒரு ஸ்கெட்ச் பேனாவால் உள்நாக்கின் பக்கம் தொட்டுப் பார்த்திருக்கிறார். கால் வழுக்கியதில் பேனா உள்ளே போய்விட்டது!

அன்றைக்கே கணவரிடமும் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறார். இருவருமே நம்பவில்லை. எக்ஸ்ரேயிலும் எதுவும் தெரியவில்லை. பேனா பிளாஸ்டிக்காயிற்றே, எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும்? கடைசியில் அதை வெளியே எடுத்தார்கள். கால் நூற்றாண்டு அமிலத்தில் ஊறி அரித்துப்போயிருந்த அந்தப் பேனா, காகிதத்தில் வைத்ததும் எழுதியது. 2011-ல் ஒரு மருத்துவ இதழில் இந்தக் கதை வந்தபோது, அந்தப் பேனாவால் எழுதிப் பார்த்த 'ஹலோ' என்ற வார்த்தையின் படமும் சேர்ந்தே வந்தது.

சிரிப்பு வருகிறதுதான். ஆனால், பாட்டிக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாப் பொருளும் பேனா மாதிரி சாதுவாகப் படுத்துக்கிடக்காது.

உள்ளே எத்தனை கேட்?

வாயில் போட்ட பொருள் வெளியே வருவதற்குள் பல குறுகலான இடங்களைத் தாண்ட வேண்டும். முதல் கேட், தொண்டை முடிந்து உணவுக்குழாய் தொடங்கும் இடம். குழந்தைகள் விழுங்கும் நாணயங்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். அடுத்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் உணவுக்குழாயை லேசாக அழுத்தும் இடம். பிறகு இரைப்பையின் வாசல், இரைப்பையிலிருந்து வெளியேறும் வழி, சிறுகுடலின் முதல் வளைவு, கடைசியாகச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம். பெரியவர்களுக்கே, 2.5 செ.மீ-க்கு மேல் அகலமாகவோ, 5, 6 செ.மீ-க்கு மேல் நீளமாகவோ இருக்கும் பொருள் இரைப்பையைத் தாண்டிப் போவது கஷ்டம். பாட்டியின் பேனா அங்கேயே தங்கிவிட்டதற்குக் காரணம் இதுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், விழுங்கப்படும் பொருள்களில் 80 முதல் 90 சதவிகிதம் தானாகவே வெளியே வந்துவிடுகின்றன. 10 முதல் 20 சதவிகிதம் பேருக்குத்தான் எண்டோஸ்கோபி தேவைப்படும். அறுவை சிகிச்சை வரை போவது நூற்றில் ஒருவர்.

இதை 6 குழந்தை மருத்துவர்கள் தங்கள் வயிற்றிலேயே சோதித்துப் பார்த்தார்கள். லெகோ பொம்மையின் சின்னஞ்சிறு மஞ்சள் தலையை ஆளுக்கு ஒன்றாக விழுங்கிவிட்டு, அது வெளியே வரும்வரை தினமும் தாங்களே தேடினார்கள். எங்கே தேடினார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. சராசரியாக 1.71 நாளில் தலை கிடைத்தது. ஒருவருக்கு மட்டும் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 2018-ல் வெளியான இந்த ஆய்வின் உள்நோக்கம் விளையாட்டு இல்லை. வழவழப்பான சின்னப் பொருளைக் குழந்தை விழுங்கிவிட்டு நன்றாகச் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால், பெற்றோர் தினமும் டயப்பரைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லத்தான்.

'சோத்து உருண்டையை முழுங்கு... சரியாயிடும்!'

மீன் முள் தொண்டையில் குத்தினால் வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வதும், காசை விழுங்கிய பிள்ளைக்கு வாழைப்பழம் ஊட்டுவதும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பவை. சில நேரம் முள் இறங்கியும் விடும். அதனால்தான் இந்த வைத்தியம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இறங்காத முள்ளை, மேலிருந்து வரும் உருண்டை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கும். அதோடு, எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். வாழைப்பழம் ஊட்டிவிட்டு அழைத்து வந்தால் சிகிச்சைதான் தாமதமாகும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது இன்னும் மோசம். உணவுக்குழாயில் இருந்த பொருள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

எச்சில்கூட விழுங்க முடியாமல் வடிகிறதா, மூச்சுத் திணறுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, வாந்தியில் ரத்தமா? யோசிக்காமல் கிளம்ப வேண்டியதுதான்.

2,374 பொருள்களைச் சேர்த்துவைத்த டாக்டர்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் மியூட்டர் மியூசியம் என்றொரு மருத்துவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இழுப்பறைகள் நிறைய, மனிதர்களின் தொண்டையிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் எடுக்கப்பட்ட 2,374 பொருள்கள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. ஊக்குகள், பட்டன்கள், நாணயங்கள், எலும்புத்துண்டுகள், ஒரு பூட்டு, பொம்மை பைனாகுலர். 'அதிர்ஷ்டத்துக்காக என்னை வைத்துக்கொள்' என்று ஆங்கிலத்தில் பொறித்த ஒரு வில்லையும் உண்டு. அதை விழுங்கியவருக்கு அதிர்ஷ்டம் டாக்டர் உருவத்தில்தான் வந்தது.

அந்த டாக்டர், செவாலியர் ஜாக்ஸன் (1865-1958). அதுவரை மூச்சுக்குழாயில் எதுவும் சிக்கினால் பெரும்பாலும் மரணம்தான். 1897-ல் ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்பை, கத்தி வைக்காமல் வாய் வழியாகவே எடுத்துக்காட்டியிருந்தார். ஜாக்ஸன் அந்தக் கலையைச் செதுக்கினார். திறந்த ஊக்கு ஒன்று தொண்டைக்குள் கிடந்தால், இழுக்கும்போது முனை சதையைக் கிழித்துவிடும் அல்லவா? ஊக்கை உள்ளேயே வைத்து மூடிவிட்டு வெளியே எடுக்க ஒரு கருவியைத் தயார் செய்தார். புடவை கட்டும்போது ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுகிற அம்மாக்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

எடுத்த பொருளை யார் கேட்டாலும் ஜாக்ஸன் திருப்பித் தர மாட்டார். ஒவ்வொன்றையும் குறிப்பெழுதிப் பாதுகாத்தார். அடுத்த டாக்டர் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆனால், அவர் செய்த பெரிய வேலை இந்த இழுப்பறைகளில் இல்லை. அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் சோப்புக் காய்ச்சவும் சாக்கடை அடைப்பு எடுக்கவும் காஸ்டிக் காரம் வாங்கிவைப்பார்கள். பார்க்கச் சர்க்கரை போல வெள்ளையாக இருக்கும். குழந்தைகள் எடுத்துச் சாப்பிட்டுவிடும். உணவுக்குழாய் வெந்து, தழும்பு ஏறிச் சுருங்கி, கடைசியில் தண்ணீர்கூட இறங்காது. அப்படி எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன ஜாக்ஸன், 'விஷம்' என்று டப்பாவின் மேல் அச்சிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார். 1927-ல் அது சட்டமானது. பாத்ரூம் ஆசிடைப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் இன்றும் நம் ஊரில் இருக்கிறது. லேபிளே இல்லாத பாட்டிலுக்கு எந்தச் சட்டம் உதவும்?

நம்ப மறுத்த டாக்டர்கள்

தவறி விழுங்குவது ஒரு ரகம். தெரிந்தே விழுங்குவது வேறு ரகம். ஜான் கம்மிங்ஸ் என்ற அமெரிக்க மாலுமி, 1799-ல் பிரான்ஸில் கத்தி விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனைப் பார்த்தார். அவன் செய்தது கண்கட்டு. இவருக்கு அது புரியவில்லை. போதையும் நண்பர்களின் உசுப்பேற்றலும் சேர, மடக்குக்கத்திகளை நிஜமாகவே விழுங்கினார். முதல் தடவை பெரிய ஆபத்தில்லாமல் தப்பித்தார். அந்தத் துணிச்சலில் 1805-ல் மறுபடியும் ஆரம்பித்தார். மொத்தம் 30-க்கும் மேல். லண்டனின் கைஸ் மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னபோது டாக்டர்கள் முதலில் நம்பவில்லை. 1809-ல் அவர் இறந்த பிறகு வயிற்றைத் திறந்தார்கள். அரித்துப்போன கத்தித் துண்டுகள் உள்ளே குவியலாகக் கிடந்தன.

பந்தயத்துக்காக விழுங்குகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் பின்னால் இருப்பது மனநோய். அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் மனநல மருத்துவமனையில் இருந்த ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 1929-ல் 1,446 பொருள்களை எடுத்தார்கள். அதில் ஆணிகள் மட்டுமே 453. அறுவை சிகிச்சையின்போதே அவர் இறந்துவிட்டார். அந்தப் பொருள்களை வட்ட வட்டமாக, கோலம் போட்டதுபோல் அடுக்கி, அங்குள்ள மனநல அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருப்பதுதான் சங்கடம்.

இந்தியாவிலும் நடக்கிறது. 2017-ல் கொல்கத்தாவில் மனநோயால் பாதிக்கப்பட்டிருந்த ஒருவரின் இரைப்பையிலிருந்து 639 ஆணிகளை எடுத்தார்கள். காந்தத்தை உள்ளே வைத்துத்தான் அள்ள முடிந்தது. 'ஆணி தின்ற அதிசய மனிதர்' என்று செய்திகள் பறந்தன. ஆணியை எடுத்தாயிற்று. ஆணி தின்ன வைத்த நோய்க்கு மாத்திரையும் கவனிப்பும் தொடராவிட்டால், அதே மனிதர் திரும்ப அதே மேஜைக்கு வருவார்.

2020 ஜனவரியில் கோவையில் 13 வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஓயாத வயிற்றுவலி. அறுவை சிகிச்சையில் வெளியே வந்தது அரை கிலோ தலைமுடியும் காலி ஷாம்பு பாக்கெட்டுகளும். முடி செரிக்காது. இரைப்பையில் சிக்கிப் பின்னிக்கொண்டு, இரைப்பையின் வடிவத்திலேயே பந்தாகும். சிலருக்கு அந்தப் பந்திலிருந்து வால் போலச் சிறுகுடல் வரை நீளும். கதையில் வரும் நீளக் கூந்தல் இளவரசியின் பெயரில் மருத்துவர்கள் இதை 'ரபுன்ஸெல் சிண்ட்ரோம்' என்கிறார்கள். முடியைப் பிய்த்துத் தின்னும் பழக்கம் பெரும்பாலும் வளரிளம் பெண்களிடம், மன அழுத்தத்தோடு சேர்ந்து வருகிறது. தலையில் ஒரே இடத்தில் சொட்டை விழுவதுதான் வீட்டில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் முதல் தடயம். அடித்தோ மிரட்டியோ நிறுத்துகிற பழக்கமில்லை இது.

பல்பம், சாம்பல், செங்கல் பொடி, பச்சரிசி என்று தின்னும் ஆசைக்கு வேறொரு காரணம் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு. கர்ப்பிணிகளிடமும் பிள்ளைகளிடமும் அதிகம். திட்டுவதற்கு முன்னால் ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துவிடலாம்.

ரிமோட்டுக்குள் இருக்கும் எமன்

இத்தனையிலும் டாக்டர்கள் அதிகம் பயப்படுவது கத்திக்கும் ஆணிக்கும் இல்லை. சின்ன ரிமோட், கார் சாவி, எடை மெஷின், பாட்டுப் பாடும் பொம்மை, மினுக்கும் வாழ்த்து அட்டை... இவற்றுக்குள் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் பட்டன் பேட்டரிக்குத்தான்.

பேட்டரி வெடித்து ரசாயனம் கசிவதுதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து மின்சாரம். 20 மி.மீ. பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், இரு பக்கமும் ஈரமான சதை ஒட்டிக்கொள்கிறது. மின்சாரம் பாய ஆரம்பிக்கிறது. அந்த இடத்தில் கடுமையான காரம் உற்பத்தியாகிறது. ஜாக்ஸன் காலத்துக் காஸ்டிக் செய்த அதே வேலை, இப்போது குழந்தையின் உடலுக்குள்ளேயே தயாராகிறது. 2 மணி நேரம் போதும், சதை வெந்துவிடும். ஓட்டை விழுந்து, பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வரை அரிக்கலாம். பேட்டரியை எடுத்துப் பல நாள் கழித்துக்கூட ரத்தம் கொட்டி இறந்த குழந்தைகள் உண்டு. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று தூக்கிப்போட்ட பேட்டரியும் இதைச் செய்யும். ரிமோட்டை இயக்கத்தான் அதற்குத் தெம்பு இல்லை, சதையைச் சுட இருக்கிறது.

குழந்தையால் சொல்லவும் முடியாது. இருமல், எச்சில் வடிதல், சாப்பிட மறுப்பது, லேசான காய்ச்சல். சளி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இப்படித்தான் இறந்தது. தாய் விடாமல் போராடியதால், பேட்டரி மூடியைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று 2022-ல் அங்கே சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் கட்டாய விதிகள் அமலுக்கு வந்தன.

பேட்டரியை விழுங்கியது உறுதி, அல்லது பலத்த சந்தேகம் என்றால், உடனே எண்டோஸ்கோபி வசதியுள்ள மருத்துவமனை. ஒரு வயது தாண்டிய, விழுங்கும் நிலையில் இருக்கிற குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 முறை. தேன் பேட்டரியின் மேல் படர்ந்து அரிப்பை மட்டுப்படுத்துகிறது என்று 2018-ல் வந்த ஆய்வு காட்டியது. தேன் தேடி ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கூடாது. வேறு சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம்.

காந்த உருண்டைகள் இரண்டாவது எமன். ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டு, மூன்று போனால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடல் சுவரை நசுக்கி ஓட்டை போட்டுவிடும்.

'காசுதானே' என்று வீட்டில் முடிவெடுத்துவிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2011-ல் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் ஏறக்குறைய 22 மி.மீ. பேட்டரியோ 20 மி.மீ. எக்ஸ்ரேயில் இரண்டுமே வெள்ளை வட்டம்தான். பேட்டரியாக இருந்தால் ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும், டாக்டர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். எந்தச் சாமானிலிருந்து பேட்டரி காணாமல் போனதோ அதையும், அதே மாதிரி இன்னொரு பேட்டரி இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. அதன் முதுகில் சி.ஆர். 2032 என்பதுபோல ஓர் எண் இருக்கும். முதல் 20, அதன் அகலம் மில்லிமீட்டரில். அடுத்த 32, தடிமன் 3.2 மில்லிமீட்டர். அந்த நான்கு இலக்கங்கள் டாக்டருக்குப் பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.