குதிகாலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

வீரகனூர் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் துண்டுக்குள் கையை விடமாட்டார். சுழி பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதே மனிதர், கை கால் இழுத்துக்கொண்டு விழுந்த அப்பாவைச் சேர்க்க ஒரு பராமரிப்பு மையத்தைத் தேடிப் போனால், “ஏசி இருக்குது, தரை பளபளன்னு இருக்குது, மேனேஜர் மரியாதையாப் பேசுறார்” என்று திரும்பி வந்து முன்பணத்தைப் புரட்டத் தொடங்குகிறார்.

கிண்டல் செய்ய எனக்குத் தகுதியில்லை. நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன்.

டிஸ்சார்ஜுக்கு மறுநாள்

கெங்கவல்லிக்குப் பக்கத்தில் மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது பெரியப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. 108 வந்தது. ஆத்தூர், அங்கிருந்து சேலம். பன்னிரண்டாம் நாள், “உயிருக்குப் பயமில்லை, இனிமே பிசியோவும் நர்சிங்கும்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். பெரியம்மாவுக்கு மூட்டுவலி. எழுபது கிலோவுக்குக் குறையாத ஒரு மனிதரை யார் புரட்டிப் போடுவது?

மாவட்டத்தில் பல வீடுகள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். உயிரைக் காப்பாற்ற ஏற்பாடுகள் இருக்கின்றன. சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையில் அடிபட்டு விழுந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் நடக்கிறது. ஆனால் காப்பாற்றப்பட்ட உடம்பை மறுபடி நடக்கவும் சாப்பிடவும் பழக்குகிற மாதங்கள் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. பக்கவாதத்தில் வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வரும். ஆறு மாதம் வரை நல்ல வேகம் இருக்கும், அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். தவறான இடத்தில் கழிகிற ஒரு மாதம் அந்த மூன்றிலிருந்துதான் போகிறது.

பெயர்ப்பலகையும் குழப்பும். நம் பக்கம் ‘மறுவாழ்வு மையம்’ என்றால் பெரும்பாலும் குடியை நிறுத்தும் இடம். ‘முதியோர் இல்லம்’ என்பது சோறும் கட்டிலும் தருகிற இடம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நர்ஸும் பிசியோவும் சேர்ந்து கிடைக்கும் இடம் வேறு. இந்த மூன்றையும் ஒரே பலகையில் எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. “டியூப் போட்ட நோயாளி இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்று கேட்டால் எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் 2008 முதல் நர்சிங் இல்லங்களுக்கு அரசே ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடுகிறது. திடீர் ஆய்வில் கண்ட குறைகள், ஊழியர் எண்ணிக்கை, நோயாளிகளின் நிலை என்று மூன்று கணக்கு. மூன்றாவது கணக்கில் பெரும்பகுதி இல்லங்களே எழுதிக் கொடுப்பது என்பதால் அங்கேயும் நட்சத்திரத்தை அப்படியே நம்பாதே என்கிறார்கள். நமக்கு நட்சத்திரமே கிடையாது. நம் கண்தான்.

குதிகால் சொல்லும்

சேலத்தில் டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு சிஸ்டர் சொன்னார்: “எந்த இடத்துல சேத்தாலும் சரிங்க, அங்க ஏற்கெனவே படுத்திருக்கறவங்க குதிகாலைப் பாருங்க. அப்புறம் பணம் கட்டுங்க.” நான் பார்க்கவில்லை. அடுத்தவர் போர்வையை விலக்குவது அநாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். சேர்த்த பதினெட்டாம் நாள் பெரியப்பாவின் வலது குதிகாலில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கருநீலமாக ஒரு வட்டம். “அது ஒண்ணுமில்ல சார், பெட்ஷீட் உரசல்” என்றார்கள். அடுத்த வாரம் அது திறந்துகொண்டது.

படுக்கைப் புண் நோயால் வருவதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் செத்துப்போவதால் வருகிறது. அதிகம் வரும் இடங்கள் குதிகால், வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு. எப்போதும் ஒரே பக்கம் சாய்த்து வைத்தால் காதுமடல்கூட. சில மணி நேர அழுத்தமே போதும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடச் சொல்கிறார்கள். ஆளையும் மெத்தையையும் பொறுத்து இந்த இடைவெளி மாறலாம். ஆனால் மாற்றியவர் ஏன் மாற்றினார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புத்தகத்தில், தோல் சிவந்தால் முதல் நிலை என்று போட்டிருக்கும். வெள்ளைத் தோலுக்கு அது சரி. வெயிலில் கறுத்த நம் ஆட்களின் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? விரலால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ, கல் மாதிரி கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால், நிறம் ஊதாப் பக்கம் போயிருந்தால், ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதைத் தேய்த்துவிடக் கூடாது. உள்ளே நைந்த சதை இன்னும் நைந்துவிடும்.

குதிகாலைக் காப்பாற்றும் வழி ரொம்பச் சாதாரணமானது. ஒரு தலையணையைக் கெண்டைக்கால் நீளத்துக்கு அடியில் வைத்தால் குதிகால் எதன்மீதும் படாமல் தொங்கும். அவ்வளவுதான். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் நம் வார்டுகளில் உண்டு. நானும் அதை அக்கறை என்றுதான் நினைத்தேன். உண்மையில் அழுத்தம் குறைவதில்லை என்பதால் இன்றைய வழிகாட்டுதல்கள் அதை வேண்டாம் என்கின்றன. நடுவில் ஓட்டையுள்ள வளையக் குஷனுக்கும் அதே கதி. ஏர் பெட் நல்லதுதான். “ஏர் பெட் போட்டிருக்கோம், திருப்ப வேண்டியதில்லை” என்று யாராவது சொன்னால் அந்த மையத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சாப்பாட்டு வேளையில் போங்கள்

மையங்கள் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லும். அந்த நேரத்தில் எல்லாம் துடைத்து வைத்திருப்பார்கள். மதியம் ஒரு மணிக்குப் போய் நில்லுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கலாம். சோறு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா. பக்கவாதத்தைத் தாண்டியவர்களைக் கொண்டுபோகும் பெரிய காரணங்களில் அதுவும் ஒன்று. வாய்வழி ஊட்டுவதென்றால் ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழே இறங்கியிருக்க, ஒரு வாய் இறங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய். நாம் பாசமாகக் கொடுக்கும் ரசம் சாதம் இவர்களுக்குச் சிக்கலான உணவு. தண்ணீர் ஒரு வேகத்தில் ஓடும், பருக்கை ஒரு வேகத்தில் வரும். குழையப் பிசைந்த சாதமோ கெட்டியான கூழோ பாதுகாப்பு. தண்ணீர் குடித்ததும் இருமினால், குரல் ஈரமாகக் கரகரத்தால், விழுங்குவதைச் சோதிக்க வேண்டும். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கிக் கிடக்கிறதா என்று பார்க்கிற ஆயாம்மா இருந்தால் அந்த இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பணம் தரலாம்.

மூக்கு டியூப் வழியாகக் கொடுக்கும்போது தலைப்பக்கம் முப்பது டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்தும் அரை மணி, ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கப்போட்டு ஊற்றுவதைப் பார்த்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. பல் துலக்கிவிடுகிறார்களா என்றும் கேளுங்கள். டியூப் போட்டவருக்கும் வாய் சுத்தம் வேண்டும், அழுக்கு வாயின் எச்சில்தான் நுரையீரலுக்குப் போகிறது.

அப்படியே கட்டிலுக்குக் கீழே ஒரு பார்வை. யூரின் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது. அதைவிட முக்கியமான கேள்வி, எத்தனை பேருக்கு யூரின் டியூப் போட்டிருக்கிறார்கள் என்பது. எல்லாக் கட்டிலிலும் பை தொங்கினால் அது மருத்துவக் காரணமாக இருக்காது. கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்று பொருள்.

பிசியோ என்றால் என்ன?

பெரியப்பாவை முதலில் சேர்த்த மையத்தில் தினமும் பிசியோ நடந்தது. பதினைந்து நிமிடம். ஒரு பையன் வந்து கையையும் காலையும் பத்துத் தடவை மடக்கி நீட்டிவிட்டுப் போவான். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும். நடக்க உதவாது. நடக்க வேண்டுமானால் உட்காரப் பழக வேண்டும், கட்டில் ஓரத்திலிருந்து எழுந்து நிற்கப் பழக வேண்டும். அதுவும் நூறு தடவை. ஆளைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறார்களா என்றும் கவனியுங்கள். தளர்ந்த தோள்மூட்டு அதில் இறங்கிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் வலி.

“நல்ல இம்ப்ரூவ்மெண்ட் சார்” என்பதை ஏற்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். 1965 முதல் புழக்கத்தில் இருக்கும் பார்த்தெல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, நடை, படியேறுவது என்று பத்து வேலைகள், மொத்தம் நூறு மதிப்பெண். சேர்த்த அன்று எத்தனை, ஒரு மாதம் கழித்து எத்தனை? பதில் தெரியாவிட்டால் அங்கே நடப்பது கைகால் பிடித்துவிடுவது மட்டும்.

இந்தத் துறையே தமிழ்நாட்டில் வேர்பிடித்த கதை இங்கே சொல்லத் தக்கது. வேலூர் சி.எம்.சி.யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளியை வீட்டில் வாழத் தயார்செய்து அனுப்புவதுதான் அந்த மருத்துவத்தின் நோக்கம். எந்த மையத்திலும் இதைக் கேட்கலாம்: “எப்போ வீட்டுக்கு அனுப்புவீங்க? அதுக்குள்ள எங்க வீட்டு ஆளுக்கு என்ன கத்துக்கொடுப்பீங்க?” இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்பவர் மாத வாடகைக்கு ஆள் பிடிக்கிறார்.

இரவு இரண்டு மணிக்கு யார்?

ராத்திரி எத்தனை பேர் டியூட்டி, எத்தனை நோயாளிக்கு, அவர்களில் பதிவுபெற்ற நர்ஸ் யார் என்பதைக் கேட்காமல் வராதீர்கள். தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. பிறகு திருப்பிப்போடும் அட்டவணையை வாங்கிப் பாருங்கள். முதல் மையத்தில் அது அழகாக இருந்தது. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் பார்த்தபோது அன்று இரவு பத்து மணிக் கட்டமும் நிரம்பியிருந்தது.

கட்டு, பூட்டு, தூக்க மாத்திரை

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் போனார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடைசெய்கிறது. இன்று சங்கிலிக்குப் பதில் கட்டிலோடு சேர்த்துக் கட்டும் துணி வருகிறது, பகல் முழுக்கத் தூங்க வைக்கும் மாத்திரை வருகிறது. மதியம் மூன்று மணிக்கு வார்டு மொத்தமும் தூங்கினால் மருந்துச் சீட்டைக் கேளுங்கள்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் இல்லத்திலிருந்து ஆட்கள் காணாமல்போன விவகாரம் வெளியே வந்தது, சேர்த்துவிட்ட ஒரு முதியவரைப் பார்க்க உறவினர் தரப்பு விடாமல் கேட்டதால்தான். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்ன பதிலை அவர்கள் ஏற்கவில்லை. ஆகவே சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்: “நேரம் காலம் பார்க்காம வருவோம்.” முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

முதியோர் இல்லமென்றால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிவு இருக்க வேண்டும். சிகிச்சை தருமிடமென்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவு. சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், தேதியைப் படியுங்கள். புகாருக்கு முதியோர் உதவி எண் 14567. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரியப்பாவை இரண்டாவதாகச் சேர்த்த இடத்தில் ஏசி கிடையாது. தரையில் மொசைக் பெயர்ந்திருந்தது. முதல் நாளே அங்கிருந்த சிஸ்டர் அவர் காலைத் தூக்கிக் குதிகாலை ஒரு நிமிடம் பார்த்து, புண்ணின் அளவை நோட்டில் எழுதி, “இது எங்க வந்தது?” என்று எங்களைக் கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு வாரத்தில் புண் மூடியது. வாக்கர் பிடித்துக் கழிப்பறை வரை நடந்தார்.

இப்போது வீட்டில் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார். வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறவர், தினமும் எதிர்பார்க்க முடியாது. வராத நாளில் பெரியம்மா செய்கிறார். ராத்திரி விளக்கணைக்கும் முன் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையைச் செருகி, விரலால் குதிகாலை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். “என்னமோ மாம்பழம் பழுத்துதான்னு பாக்கற மாதிரி தொட்டுத் தொட்டுப் பாக்கறா” என்று பெரியப்பா அலுத்துக்கொள்கிறார். சொல் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ‘மாம்பழம்’ மட்டும் தெளிவாக வருகிறது.