"உசுரு தப்புனதே பெருசு"

அண்ணனின் ஹெல்மெட் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. 2022 ஆடியில், மணப்பாறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் குறுக்கே ஓடிவந்த ஆட்டுக்காக பிரேக் அடித்து அவர் விழுந்தபோது, அது வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு கிலோமீட்டர்தானே என்று தலையில் போடாமல் வந்திருக்கிறார்.

108 வந்து தூக்கிப்போனது. முதல் 48 மணி நேரச் செலவை 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொண்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம். ஒரு லட்சம் ரூபாய் வரை அரசு கொடுத்தது. அந்த ராத்திரி பணத்துக்கு அலையாமல் அண்ணன் பக்கத்திலேயே நிற்க முடிந்ததை நான் மறக்க மாட்டேன்.

"ஜிசிஎஸ் ஆறு" என்றார் டாக்டர்.

"எத்தனைக்கு ஆறு சார்?" என்று கேட்டார் அண்ணி.

"பதினஞ்சுக்கும்மா. எட்டும் அதுக்குக் கீழயும் வந்தா ரொம்ப சீரியஸ்."

கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது, இந்த மூன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுகிற முறை அது. 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இருவர் வகுத்தது. அசைவே இல்லாதவருக்கும் மூன்று மார்க் உண்டு.

மூளை வீங்கினால் மண்டைக்குள் அதற்குப் போக இடம் கிடையாது. அதனால் வலப்பக்க ஓட்டில் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். எடுத்த எலும்பு கெடாமல் இருக்க அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்து மறுபடி தலையில் பொருத்தும்வரை, அண்ணி அவருக்கு உடம்பு துடைக்கும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் கையை மெதுவாக்குவார். உள்ளங்கை அகலத்துக்கு மேடாக இருக்கும். "இங்கதான் இருக்கு உங்க தலை" என்று அவரிடமே சொல்வார். அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.

மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற ஒரு நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். முதலில் சிரிஞ்சால் மெல்ல இழுத்து, போன வேளைக் கஞ்சி வயிற்றில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைமாட்டை உயர்த்தி, சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழலைத் தூக்கிப் பிடித்து ஊற்ற வேண்டும். கஞ்சி தானாக இறங்கணும், அழுத்தவே கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்கணும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். அண்ணியின் செல்போனில் ராத்திரிக்கு மட்டும் நாலு அலாரம். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் சேர்ந்தாற்போல் ரெண்டு மணி நேரம் தூங்கியதில்லை.

அண்ணன் கண் திறந்தார், பேசினார், நடந்தார். ஊரே வந்து பார்த்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "உசுரு தப்புனதே பெருசு." நானும் சொன்னேன். அந்த வார்த்தைக்குப் பிறகு அண்ணியால் எதையும் சொல்ல முடியாமல் போனது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

விபத்துக்கு முன்னால் அண்ணன் அதிர்ந்து பேசாத மனுஷன். இப்போது சோறு ஆறிப்போனால் தட்டை வீசுவார், வாயில் வராத வார்த்தை எல்லாம் வரும். பத்து நிமிஷத்தில் அது அவருக்கே ஞாபகம் இருக்காது. குழம்பு தீய்ந்து வீடெல்லாம் புகைந்தாலும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பார், வாசனையே தெரியாது. இதற்கெல்லாம் காரணம் உண்டு. தலை மோதும்போது மூளையின் முன்பகுதி மண்டையின் அடித்தளத்துக் கரடுமுரடான எலும்பில் உரசிச் சிதைகிறது. கோபத்தை அடக்குவதும், யோசித்துப் பேசுவதும், ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதும் அந்தப் பகுதியின் பொறுப்பு. மோப்ப நரம்புகளும் அங்கேதான், சல்லடை போன்ற மெல்லிய எலும்பு வழியாக இறங்குகின்றன; அதிர்ச்சியில் அறுந்துவிடுகின்றன. இதை டிஸ்சார்ஜ் அன்றே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், 'வேணும்னே பண்றாரு' என்று நாங்கள் அத்தனை நாள் நினைத்திருக்க மாட்டோம்! தையல் பிரிக்க எப்போது வர வேண்டும் என்று சொன்னார்கள். மனிதர் மாறிவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது நாலாவது படித்த அண்ணன் மகள் ஒருநாள் கேட்டாள்: "சித்தப்பா, பழைய அப்பா எப்ப வருவாரு?"

வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்கர் பாலின் பாஸ், இந்த மாதிரித் துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'தெளிவில்லாத இழப்பு' என்று சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் மனசில் இருக்கிறார். அல்லது ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் அவராக இல்லை. செத்தால் அழுவதற்கு முறை இருக்கிறது, பதினாறாம் நாள் இருக்கிறது. இதற்கு என்ன சடங்கு இருக்கிறது நம்மிடம்? அண்ணி எங்கே உட்கார்ந்து அழுவார்?

சட்டத்திலும் இந்தக் குடும்பங்களுக்கு இடம் குறைவு. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் என்ற பெயர் அதில் இல்லை. வேறு ஏதாவது ஒரு வகைக்குள் பொருத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும். அண்ணன் நினைவில்லாமல் கிடந்த மாதங்களில் அவர் கணக்கில் எண்பதாயிரம் ரூபாய் இருந்தது; வங்கியில் அவர் கையெழுத்தைக் கேட்டார்கள். காப்பாளர் நியமிக்க வழிசெய்யும் 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் கோமா சேரவில்லை. உயர் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, கோமாவில் கிடந்த ஒருவருக்கு அவர் மனைவியையே காப்பாளராக்கி, சொத்தை விற்க அனுமதி கொடுத்தது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது, கிராமத்தில் கோர்ட் வாசலே பார்க்காத ஒரு பெண்ணுக்கும் தாலுகா ஆபீஸிலேயே கிடைக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

போன பங்குனியில் ஒருநாள் அண்ணி தானாகவே சொன்னார்: "தம்பி, ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும் போல இருக்கு." வேறு எதுவும் கேட்கவில்லை.

அதிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை நான் போய்த் தங்குகிறேன். அவர் தன் அம்மா வீட்டுக்குப் போய்வருகிறார். முதல் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு போன் வந்தது.

"வலிப்பு மாத்திரை குடுத்தாச்சா தம்பி?"

"குடுத்துட்டேன் அண்ணி. போனை வச்சிட்டுப் படுங்க."

அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "அவ எங்கடா?" என்றார். அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க, காலையில வந்துருவாங்க என்றேன். சரி என்று படுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து வாசலைப் பார்த்தார். "அவ எங்கடா?"

விடியும்வரை பதினோரு தடவை கேட்டார்.